பேனா காணோம், தலைமையாசிரியர் மறைந்தார்: டிஸப்பியர், வேனிஷ் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துவது

கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஆங்கில டியூஷன் நடக்கும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா என்றாலும் இங்கே வீட்டுக்குள் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் பொள்ளாச்சி ரோடு. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாள மீடியம். வீட்டில் ஒரு மொழி, பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு மொழி, பஸ்ஸில் இரண்டும் கலந்தது. அப்புறம் என் திண்ணையில் இங்கிலீஷ்.

பிள்ளைகள் எழுதும் தவறான வாக்கியங்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். அதில் ‘டிஸப்பியர்’, ‘வேனிஷ்’ என்ற இரண்டு சொற்களே பல பக்கங்களைப் பிடித்துக்கொண்டன. அகராதியில் இரண்டுக்கும் ‘மறைந்துபோ’, ‘காணாமல் போ’ என்று போட்டிருக்கும். அர்த்தம் சரிதான். சிக்கல் என்னவென்றால், தமிழில் இந்த ஒரு விஷயத்துக்கு நம்மிடம் நிறைய சொற்கள் இருக்கின்றன: காணோம், தொலைந்தது, மறைந்தது, மாயம். ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் வெவ்வேறு வீட்டுக் கதவைத் தட்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் டிஸப்பியர் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். நம் மொழியில் இருக்கும் வளம்தான் இந்தப் பிழைகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம். அதனால் ஒவ்வொரு பிழையையும் தமிழிலிருந்தே பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். உங்கள் வாக்கியம் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

“மை பென் வாஸ் டிஸப்பியர்ட்” என்று எழுதுகிறீர்கள்

எல்லா வகுப்பிலும் முதலில் வரும் பிழை இதுதான். பேனா தானாகப் போகவில்லை, அதற்கு ஏதோ நடந்துவிட்டது என்று மனசு நினைக்கிறது. உடனே செயப்பாட்டு வினை வந்துவிடுகிறது. ஆனால் டிஸப்பியர் செயப்படுபொருள் குன்றிய வினை. ‘தூங்கினான்’, ‘விழுந்தது’ போல. ‘அவன் தூங்கப்பட்டான்’ என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அதே மாதிரி பேனாவும் டிஸப்பியர்ட், அவ்வளவுதான். வாஸ் வேண்டாம்.

திருத்தம்: “மை பென் டிஸப்பியர்ட்.” இப்போதுதான் கவனித்தேன், இன்னும் கிடைக்கவில்லை என்றால் “மை பென் ஹாஸ் டிஸப்பியர்ட்.” வேனிஷுக்கும் இதே விதி. “மை பென் இஸ் டிஸப்பியர்ட்” என்பதும் தவறு. ஆனால் “மை பென் இஸ் கான்” என்று சொல்லலாம். அங்கே கோ என்ற வினையிலிருந்து வந்த கான் என்பது ‘இல்லாமல் போன நிலை’யைக் குறிக்கும் பெயரடை மாதிரி நிற்கிறது.

நம்முடைய ‘காணாமல் போனது’ என்ற வடிவத்துக்கு அச்சு அசலாக ஆங்கிலத்தில் ஒரு ஜோடி உண்டு: “வென்ட் மிஸ்ஸிங்.” போ என்ற வினை அங்கேயும் இருக்கிறது, காணாமை அங்கேயும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் தொடர். தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். “தி பார்சல் வென்ட் மிஸ்ஸிங்” என்று எழுதினால் புகார்க் கடிதத்தில்கூடக் கம்பீரமாக நிற்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ‘வாஸ் டிஸப்பியர்ட்’ சரியாக வரும் ஒரே ஒரு இடம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

“ஐ டிஸப்பியர்ட் மை பென்” என்று எழுதுகிறீர்கள்

தமிழில் ‘தொலைந்தது’ என்றால் தானாக, ‘தொலைத்தேன்’ என்றால் என்னால். ‘மறைந்தான்’, ‘மறைத்தான்’. ஒரே வேரை மெல்லினத்தில் சொன்னால் ஓர் அர்த்தம், வல்லினத்தில் சொன்னால் இன்னோர் அர்த்தம். டிஸப்பியருக்கு இந்த வசதி கிடையாது. அது ‘மறைந்தது’ மட்டும்தான். ‘தொலைத்தேன்’ வேண்டுமென்றால் “ஐ லாஸ்ட் மை பென்.” ‘மறைத்தேன்’ வேண்டுமென்றால், ஹைட் என்பதன் இறந்த காலத்தைப் போட்டு, “ஐ ஹிட் மை பென்.”

வித்தைக்காரன் காசை மறையச் செய்தான் என்று எழுத வேண்டியிருந்தால், மேக் துணைக்கு வரும்: “தி மஜீஷியன் மேட் தி காயின் டிஸப்பியர்.” டிஸப்பியரின் வடிவத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

“ஐ டிட் நாட் ஸீ மை கீ” என்று சொல்லிவிட்டு, கேட்டவர் புரியாமல் பார்க்கிறார்

‘சாவியைக் காணோம்.’ இந்தச் சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காண் என்ற வினையின் பழைய எதிர்மறை வடிவங்கள் காணேன், காணாய், காணான், காணோம் என்று போகும். காணோம் என்றால் ‘நாங்கள் காணவில்லை’. இன்று அதில் ‘நாங்கள்’ கரைந்துவிட்டது. வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர்கூட ‘கண்ணாடியைக் காணோம்’ என்றுதான் சொல்வார். எத்தனை பேர் தேடினார்கள் என்பது போய், பொருள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கவனியுங்கள், தமிழில் இங்கே வேலை செய்வது கண். பொருள் ஒன்றும் செய்யவில்லை. மலையாளத்திலும் அப்படித்தான். பாலக்காட்டுச் சுவர்களில் ஒருவர் படத்தைப் போட்டு ‘காண்மானில்லா’ என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பொள்ளாச்சிச் சுவரில் அதே நோட்டீஸ் ‘காணவில்லை’ என்று தொடங்கும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கண்தான் தேடுகிறது. ஆங்கில நோட்டீஸில் “மிஸ்ஸிங்” என்றிருக்கும். அங்கே கண் இல்லை. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை என்ற குறைவு மட்டும்.

அதனால் ‘காணோம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் “ஐ டிட் நாட் ஸீ” வந்து நிற்கும். அது ‘நான் பார்க்கவில்லையே’ என்ற பதில் மாதிரி ஒலிக்கும். யாரோ உங்களிடம் சாவியைக் கேட்டது போலவும், நீங்கள் கை விரித்தது போலவும்.

திருத்தம்: தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் “ஐ கான்ட் ஃபைன்ட் மை கீ.” இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் “மை கீ இஸ் மிஸ்ஸிங்.” இப்போதுதான் மேஜைமேல் வைத்தேன், திரும்பிப் பார்த்தால் இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது என்றால் மட்டும் “மை கீ ஹாஸ் டிஸப்பியர்ட்.” மிஸ்ஸிங் ஒரு நிலை. டிஸப்பியர்ட் ஒரு நிகழ்ச்சி. இந்த வித்தியாசம் பிடிபட்டால் என் நோட்டில் பாதிப் பக்கம் காலியாகிவிடும்.

“வீ லாஸ்ட் அவர் ஃபாதர்” என்று அனுப்பப் போகிறீர்கள்

தயவுசெய்து அனுப்பாதீர்கள். இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தவர், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் மகள் டிக்கெட் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கோ நடந்து போய்விட்டார். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்கு மகள் போன் செய்து ‘அப்பாவைத் தொலைச்சுட்டோம்’ என்று அழுதாள். அவன் பதறிப்போய் லீவு கேட்டுத் தன் மேலாளருக்கு “வீ லாஸ்ட் அவர் ஃபாதர் டுடே” என்று மெசேஜ் போட்டான். அன்று இரவு ஒன்பது மணிக்கு அவனுடன் வேலை செய்யும் ஒருவர் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு, அப்பா இறந்ததற்கு ஆழ்ந்த அனுதாபம் சொன்னார். தேடி ஓய்ந்து உட்கார்ந்திருந்த மகள், தனக்குத் தெரியாத ஏதோ செய்தி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். நான் அப்போது அந்த வீட்டில் இருந்தேன். அடுத்த அரை மணி நேரத்தை எனக்கு இப்போதும் நினைக்கப் பிடிக்காது.

பெரியவர் மறுநாள் காலை ஒரு கோயில் மண்டபத்தில் கிடைத்தார். டீக்கடைக்காரர் ஒருவர் பன்னும் டீயும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் பொருளைப் பற்றி லாஸ்ட் என்றால் தொலைந்தது. பெற்றவரை, பிள்ளையை, துணையைப் பற்றி “வீ லாஸ்ட் ஹிம்” என்றால் பெரும்பாலும் இறந்துவிட்டார் என்றுதான் படிப்பார்கள். தமிழிலும் ‘தந்தையை இழந்தோம்’ என்றால் அப்படித்தானே? ‘தொலைத்தோம்’, ‘இழந்தோம்’ என்று நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது.

திருத்தம்: “அவர் ஃபாதர் இஸ் மிஸ்ஸிங்.” அல்லது “அவர் ஃபாதர் ஹாஸ் கான் மிஸ்ஸிங்.” வழி தவறிவிட்டார் என்றால் “ஹீ காட் லாஸ்ட்.” கூட்டத்தில் கண்ணிலிருந்து தப்பிவிட்டார் என்றால் “வீ லாஸ்ட் சைட் ஆஃப் ஹிம்.” இந்த இடத்தில் வேனிஷ் போடுவதும் நல்லதில்லை. வேனிஷில் ஒரு மர்மம் ஒட்டிக்கொண்டிருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் மனுவில் மர்மம் வேண்டாம். எத்தனை மணிக்கு, என்ன சட்டை, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்பதுதான் வேண்டும்.

“அவர் ஹெட்மாஸ்டர் டிஸப்பியர்ட் எஸ்டர்டே”

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. இரங்கல் தீர்மானம் எழுதும்போது வரும். ‘நம் முன்னாள் தலைமையாசிரியர் நேற்று மறைந்தார்’ என்பதைத் தமிழ் மீடியம் பிள்ளை அப்படியே டிஸப்பியர்ட் ஆக்கிவிடும். படிக்கிற ஆங்கிலக்காரருக்கு அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். மலையாள மீடியம் பிள்ளைகள் இதில் விழுவது குறைவு. அவர்கள் பத்திரிகையில் ‘அந்தரிச்சு’ என்று தனிச்சொல்லைப் பார்த்துப் பழகியவர்கள்.

மறைந்தார் என்றால் “பாஸ்ட் அவே.” சாதாரணமாகச் சொல்ல “டைட்.” ‘மறைந்த தலைமையாசிரியர்’ என்றால் “தி லேட் ஹெட்மாஸ்டர்.”

சூரியன் மறைந்தது என்பதற்கும் டிஸப்பியர் தேவையில்லை. “தி சன் செட்” போதும். ஆனால் மேகத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒளிந்தது என்றால் “தி சன் டிஸப்பியர்ட் பிஹைன்ட் தி க்ளவுட்ஸ்” அழகாகப் பொருந்தும்.

“யங் லேடி மேஜிக்”

தமிழ்ப் பேப்பரில் ‘இளம்பெண் மாயம்’ என்று தலைப்பு. மொழிபெயர்க்கச் சொன்னால் இப்படி வந்தது. எழுதிய பையனை நான் கண்டிக்கவில்லை. அவன் மலையாளம் படிப்பவன். அங்கே மாயம் என்றால் கலப்படம். ‘மாயம் சேர்த்த முளகுபொடி’ என்பார்கள். கடைசியில் மேஜிக்குக்கு வந்து சேர்ந்ததே அவன் யோசித்ததற்கு அடையாளம்.

பத்திரிகை மாயம் என்பது வெறும் மிஸ்ஸிங். “யங் உமன் மிஸ்ஸிங்.” ‘மாயமாய் மறைந்தான்’ என்று கதையில் வந்தால்தான் வேனிஷ்.

“ஐ டிஸப்பியர்ட் ஃபார் தி எக்ஸாம்”

காய்ச்சலால் பரீட்சை எழுதாத பையன் கொடுத்த லீவு லெட்டர். அவன் வாதத்தில் நியாயம் இருந்தது: “டீச்சரே, எக்ஸாமுக்கு அப்பியர் ஆகறதுன்னா எழுதறது. அப்ப எழுதலைன்னா டிஸ் சேர்த்தணும்தானே?”

சேர்க்கக் கூடாது கண்ணு. அப்பியருக்கு மூன்று வேலை. கண்ணுக்குத் தெரிவது ஒன்று. பரீட்சைக்கோ கோர்ட்டுக்கோ நேரில் வருவது இரண்டு. ‘போல் தோன்றுவது’ மூன்று. டிஸ் என்ற முன்னொட்டு முதல் வேலையை மட்டும்தான் கவிழ்க்கும். பரீட்சைக்கு வராதவன் “டிட் நாட் அப்பியர் ஃபார் தி எக்ஸாம்.” களைப்பாகத் தோன்றவில்லை என்றால் “ஹீ டஸ் நாட் அப்பியர் டயர்ட்.”

எங்கே டிஸப்பியர், எங்கே வேனிஷ் என்று தெரியவில்லை

இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். டிஸப்பியர் என்பது அப்பியருக்கு டிஸ் சேர்த்தது. தெரிந்தது தெரியாமல் போனது, அவ்வளவே. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் காணப்படுகிறது. வேனிஷ் அதைவிட மூத்தது. 1300 வாக்கிலேயே இருக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதன் அடியில் இருக்கும் லத்தீன் சொல் ‘வானுஸ்’, அதாவது வெறுமை. வீண் என்று பொருள்படும் ‘வெயின்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம்தான். ஆக டிஸப்பியர் என்றால் பார்வையிலிருந்து விலகியது. வேனிஷ் என்றால் அந்த இடமே வெறுமையாகிவிட்டது.

எங்கள் ஊர் உதாரணம் சொல்கிறேன். மீனாட்சிபுரம் போகும் பஸ் திருப்பத்தில் திரும்பிப் பனைமரங்களுக்கு அப்பால் போய்விட்டது. “தி பஸ் டிஸப்பியர்ட்.” பஸ் எங்கே போயிற்று என்று நமக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதே பஸ் திருப்பமே இல்லாத நேர் ரோட்டில், நாம் கண் சிமிட்டித் திறப்பதற்குள் இல்லை என்றால்? “தி பஸ் வேனிஷ்ட்.” வேனிஷில் மூன்று சேர்ந்திருக்கும்: திடீரென்று, முழுசாக, எப்படி என்று தெரியாமல். மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் வேனிஷ் போடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் டிஸப்பியர். சந்தேகமாக இருந்தால் டிஸப்பியர்தான். அது எங்கேயும் உதைக்காது.

மெதுவாகப் போகிற விஷயங்களுக்கு வேனிஷ் அவ்வளவாக ஒட்டாது. மார்கழிக் காலையில் வயலில் நிற்கும் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைகிறது. அதற்கு “கிராஜுவலி டிஸப்பியர்ட்” நன்றாக இருக்கும். அதைவிட நல்ல சொல் “ஃபேட்” அல்லது “மெல்ட் அவே”. சுவரில் எழுதிய பெயின்ட் வெளுத்தது ஃபேட். உப்பு தண்ணீரில் கரைந்தது டிஸால்வ். ஈரம் ஆவியானது இவாப்பரேட். எங்கள் ஆறு சித்தூர்ப் புழை கோடையில் வற்றியது என்றால் “ட்ரைட் அப்”. இவற்றையெல்லாம் டிஸப்பியரில் போட்டு மூட வேண்டாம். தமிழில் கலைந்தது, வெளுத்தது, கரைந்தது, வற்றியது என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறோம்! அந்தத் துல்லியத்தை ஆங்கிலத்துக்குப் போகும்போது திண்ணையில் கழற்றிவைத்துவிட்டுப் போகத் தேவையில்லை.

தீபாவளிப் பலகாரம் ஐந்து நிமிஷத்தில் காணாமல் போனது என்பதற்கு மட்டும் பயப்படாமல் டிஸப்பியர் போடுங்கள். “தி ஸ்வீட்ஸ் டிஸப்பியர்ட் இன் ஃபைவ் மினிட்ஸ்.” இரண்டு மொழியும் இங்கே ஒரே மாதிரிச் சிரிக்கின்றன. வாட்ஸாப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்தால் தானாக அழியும் மெசேஜுக்கும் “டிஸப்பியரிங் மெசேஜஸ்” என்றுதான் பெயர். நேரம் நாமே வைத்தது, அதில் மர்மம் இல்லை. அதனால் வேனிஷ் அங்கே வரவில்லை என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எங்கள் பாட்டி காலத்து ‘வேனிஷிங் க்ரீம்’ டப்பா நினைவிருப்பவர்களுக்கு: தடவியதும் தோலில் ஊறி வெள்ளை தெரியாமல் போய்விடும், அதனால் அந்தப் பெயர்.

“தி தீஃப் டிஸப்பியர்ட்”

திருடன் நழுவிவிட்டான் என்றால் “ஸ்லிப்ட் அவே”. கண் முன்னால் தப்பினான் என்றால் “எஸ்கேப்ட்”. சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான் என்றால் “அப்ஸ்கான்டட்”. போலீஸ் தேடுகிறது, தலைமறைவாக இருக்கிறான் என்றால் “ஹீ இஸ் அப்ஸ்கான்டிங்”. டிஸப்பியர் போட்டால் குற்றம் அவனை விட்டுப் போய்விடுகிறது. பாவம், அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று படிப்பவர் கவலைப்படுவார்.

இடத்தைச் சொல்லும்போது வாக்கியம் இடறுகிறது

‘காட்டில் காணாமல் போனான்’, ‘காட்டுக்குள் மறைந்தான்’. இல், உள் என்ற நம் உருபுகளைக் கேட்டாலே வழி தெரியும். காட்டில் இருந்தபோது காணாமல் போனான் என்றால் “இன் தி ஃபாரஸ்ட்.” நாம் பார்த்துக்கொண்டிருக்க உள்ளே போய் மறைந்தான் என்றால் “இன்டு தி ஃபாரஸ்ட்.” கடையிலிருந்து காணாமல் போன பொருள் “ஃப்ரம் தி ஷாப்.” ‘கடையில் காணாமல் போச்சு’ என்று நாம் இரண்டு அர்த்தத்திலும் சொல்வதால் அங்கே மட்டும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும்.

சுவடு தெரியாமல் மறைந்தான் என்பதற்கு “வேனிஷ்ட் விதவுட் எ ட்ரேஸ்.” ட்ரேஸ் என்றாலே சுவடுதான், இரண்டு மொழியும் மண்ணில் கால்தடத்தைத் தேடுகின்றன. காற்றோடு காற்றாய்க் கரைந்தான் என்பதற்கு “வேனிஷ்ட் இன்டு தின் ஏர்.” தின் என்ற சொல்லை விட்டுவிட்டால் தொடர் நொண்டும்.

எழுத்துக்கூட்டும்போதும் உச்சரிக்கும்போதும்

டிஸப்பியரில் ஒரு எஸ், இரண்டு பி. இரண்டு எஸ்ஸும் ஒரு பியும் போடுவதுதான் வழக்கமான பிழை. டிஸ், அப்பியர் என்று பிரித்து எழுதிப் பாருங்கள், எண்ணிக்கை தானாகச் சரியாகும். டிஸப்பாய்ன்ட்டும் இப்படியே. டிஸ்ஸாட்டிஸ்ஃபைடில் இரண்டு எஸ் வருவது ஸாட்டிஸ்ஃபை எஸ்ஸில் தொடங்குவதால். அழுத்தம் கடைசி அசையில்: டிஸ-ப்பியர்.

வேனிஷில் அழுத்தம் முதல் அசையில். அதை வார்னிஷ் என்று சொல்லாதீர்கள்; அது மர பெஞ்சுக்குப் பூசுவது. பேனிஷ் என்றால் நாடு கடத்துவது. இறந்த காலத்தில் வேனிஷின் முடிவு ‘டீக்கடை’யில் வரும் ட் போல வல்லோசையாக ஒலிக்கும், ஆனால் எழுதும்போது இ, டி என்ற இரண்டு எழுத்துகள் கண்டிப்பாக வேண்டும்.

பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் டிஸப்பியரன்ஸ். வேனிஷுக்கு அப்படி ஒரு புழக்கமான பெயர்ச்சொல் இல்லை, புதிதாகச் செய்ய வேண்டாம்.

“சீட்டா டிஸப்பியர்ட் ஃப்ரம் தி வேர்ல்ட்”

சுற்றுச்சூழல் கட்டுரைகளில் வரும். வேங்கை, சிறுத்தை எல்லாம் இருக்க, சிவிங்கிப் புலி மட்டும் இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவித்தார்கள். உலகில் அது இருந்தது, ஆப்பிரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தது. அதனால் “டிஸப்பியர்ட் ஃப்ரம் இண்டியா” என்பது மிகச் சரி. “எக்ஸ்டிங்ட்” என்று மட்டும் எழுதினால் உலகிலேயே இல்லை என்றாகிவிடும். 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப் புலிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். டிஸப்பியர் ஆனது திரும்ப அப்பியர் ஆகலாம். டோடோ பறவை எக்ஸ்டிங்ட், அது ஆகாது.

இப்போதும் நடந்துகொண்டிருக்கிற அழிவுக்கு நிகழ்காலத் தொடர்வினை வேண்டும். எங்கள் பக்கத்துப் பனைகள் குறைந்துகொண்டே வருகின்றன: “பாமைரா ட்ரீஸ் ஆர் டிஸப்பியரிங்.” டிஸப்பியர்ட் என்று எழுதாதீர்கள். என் திண்ணையிலிருந்து பார்த்தால் இன்னும் ஏழு பனை தெரிகிறது.

கணக்குப் புத்தகத்தில் “வேனிஷஸ்” வருகிறது

பயப்பட வேண்டாம். ஒரு சார்பு ஒரு புள்ளியில் வேனிஷ் ஆகிறது என்றால் அங்கே அதன் மதிப்பு பூஜ்யம். வெறுமை என்ற பழைய லத்தீன் அர்த்தம் இங்கேதான் கலப்படமில்லாமல் இருக்கிறது. ஓவிய வகுப்பில் “வேனிஷிங் பாய்ன்ட்” என்பது தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போல் தெரியும் புள்ளி.

“வாஸ் டிஸப்பியர்ட்” சரியாக வரும் இடம்

பொள்ளாச்சிப் பக்கத்து அகதிகள் முகாமிலிருந்து ஒரு பெண் சில மாதம் என்னிடம் படித்தாள். குடும்பம் வவுனியாவிலிருந்து வந்தது. குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். “மை கிராண்ட்மதர்ஸ் பிரதர் வாஸ் டிஸப்பியர்ட்” என்று எழுதியிருந்தாள். வழக்கம்போல வாஸ் என்பதன்மேல் சிவப்புக் கோடு போட்டேன். அவள் மெதுவாக, “டீச்சர், அவர் போகேல்லை. கொண்டு போனவை” என்றாள்.

அவள் எழுதியது சரி. நான் போட்ட கோடுதான் தவறு.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. அங்கே ஸ்பானிஷில் அவர்களை ‘தெசபரெசிதோஸ்’ என்றார்கள். அந்த வழியாக ஆங்கிலத்தில் டிஸப்பியருக்குச் செயப்படுபொருள் ஏற்கும் ஒரு பயன்பாடு வேரூன்றியது. அரசோ ஆயுதக் குழுவோ ஒருவரைக் கொண்டுபோய், பிறகு தெரியாது என்று சொல்வது. “தே டிஸப்பியர்ட் ஹிம்.” “ஹீ வாஸ் டிஸப்பியர்ட்.” அப்படிப் போனவர்களைச் சேர்த்து “தி டிஸப்பியர்ட்.” ஐக்கிய நாடுகள் சபை இதற்கென ஓர் உடன்படிக்கையை 2006 டிசம்பர் 20-இல் ஏற்றது, 2010 டிசம்பர் 23-இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2016-இல் அதை உறுதிசெய்தது. ஆகஸ்ட் 30 இவர்களுக்கான சர்வதேச நாள். சட்ட ஆங்கிலத்தில் “என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்.”

தமிழ் இதற்கு எவ்வளவு தெளிவான சொல்லைச் செய்திருக்கிறது பாருங்கள்: வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர். போனவர் அல்ல, ஆக்கப்பட்டவர். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களோடு ரோட்டோரம் உட்கார்ந்தபோது கேட்டது இந்த ஒரு வினையைத்தான்: ஆக்கியது யார்?

எனவே இந்த அர்த்தத்தில் எழுதும்போது வாஸ் இருக்கட்டும். யார் செய்தது என்று தெரிந்தால் ‘பை’ (நம் ‘ஆல்’) போட்டு அதையும் எழுதுங்கள். பேனாவுக்கும் சாவிக்கும் பஸ்ஸுக்கும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

அந்தப் பெண்ணின் நோட்டில் என் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, வாஸ் என்பதன் மேல் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன். அவள் அடுத்த வரியில் அந்தத் தாத்தாவின் பெயரை எழுதினாள். தமிழில் எழுதினாள்.